கோடையில் நீர்த்தேக்க மீன்: பிடிக்கும் முறையும் காக்கும் கடமையும்

அணை என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது பாசனம், அடுத்து மின்சாரம், அதன்பின் குடிநீர். தேங்கிய நீர் ஓர் உணவுக் களஞ்சியமும் ஆகும் என்பது பெரும்பாலும் கடைசியாகவே நினைவுக்கு வருகிறது. ஆனால் நீர்த்தேக்கத்தின் கரையோரக் கிராமங்களில் வாழ்வோருக்கு இந்த வரிசை தலைகீழானது. பாசன நீர் அவர்களைக் கடந்து கீழ்நாட்டு வயல்களுக்குச் சென்றுவிடுகிறது. அவர்களிடம் எஞ்சுவது நீர்ப்பரப்பும், அதில் வளரும் மீனும், நீர் வற்றியபின் வெளிப்படும் வண்டல் நிலமுமே ஆகும்.

கோடைக்காலம் நீர்த்தேக்கத்தில் மீன் எளிதாகக் கிடைக்கும் காலம். அதே காரணத்தால் மீன் எளிதாக அழியும் காலமும் அதுவே. பங்குனி முதல் ஆனி வரையிலான நான்கு மாதங்களில் நீர்நிலையின் தன்மையை அறிந்து, தக்க வலையைத் தக்க இடத்தில் இட்டால் மீனவருக்கு நல்ல வருவாய் உண்டு. அறியாமலோ அவசரத்தாலோ கையில் அகப்பட்டதையெல்லாம் வாரி எடுத்தால், அடுத்த ஆண்டு வலை வெறுமையாக வரும். இவ்விரண்டையும் சேர்த்து அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம். எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமாகிய மேட்டூரை எடுத்துக்கொள்வோம்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் இயல்பு

காவிரியின் குறுக்கே 1925-இல் தொடங்கப்பெற்று 1934-இல் முடிவுற்றது மேட்டூர் அணை. அன்றைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் இந்நீர்த்தேக்கம் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என வழங்குகிறது. இதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. முழுதும் நிரம்பியபோது நீர் பரவும் இடம் ஏறத்தாழ 59 சதுர மைல், அதாவது 15,000 ஹெக்டேருக்குச் சற்று மேல்.

பாசனத்துக்காக ஆண்டுதோறும் ஜூன் 12-இல் அணையைத் திறந்து, ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். ஆகவே மாசி, பங்குனி மாதங்களில் நீர்த்தேக்கம் பெரும்பாலும் குறைந்த நிலையில் இருக்கும். கோடையில் குடிநீருக்காக விடப்படும் நீரும், வெயிலில் ஆவியாகும் நீரும் அதனை மேலும் குறைக்கும். தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளிலிருந்து நீர் வந்தால்தான் மட்டம் மீண்டும் உயரும்.

எல்லாக் கோடையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2022-இல் மே மாதத்திலேயே நீர்மட்டம் 117 அடியை எட்டியதால், வழக்கத்துக்கு முன்பாக மே 24-ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. 2024-இலோ ஜூன் 12 அன்று நீர்மட்டம் 50 அடிக்கும் கீழே இருந்தது. ஜூலை இறுதியில்தான் பாசனத்துக்கு நீர் விட முடிந்தது. ஏரி ஒன்றே, ஆனால் இவ்விரு கோடைகளிலும் மீன் பிடிக்கும் முறையும் ஒன்றாக இருத்தல் இயலாது. எனவே மீனவரும் ஊராட்சி உறுப்பினரும் ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இவ்வாண்டு நீர்மட்டம் எவ்வளவு?’ என்பதே.

மட்டம் மிகவும் இறங்கியதற்கு ஓர் அடையாளமும் உண்டு. கொளத்தூர் பகுதியில் உள்ள பண்ணவாடியில், அணை கட்டியபோது நீரில் மூழ்கிய ஊரின் பழைய நந்தி சிலையும் கிறித்தவக் கோயிலின் கோபுரமும் நீருக்கு மேல் தெரியத் தொடங்கும். நீர்மட்டம் 70 அடியை ஒட்டி இறங்கும்போது நந்தி முழுமையாக வெளிப்படும் என்பர். நந்தி தெரிகிறது என்றால் மீன்களுக்கு இடம் சுருங்கிவிட்டது என்பது பொருள்.

நீர்த்தேக்கம் ஒரு தொட்டியைப்போல் நேர்ச்சுவர் கொண்டதன்று. கிண்ணத்தைப்போல் சரிந்த கரை கொண்டது. ஆகையால் மட்டம் பாதியாகும்போது நீர்ப்பரப்பு பாதிக்கும் கீழே சென்றுவிடும். ஆடி, ஆவணியில் பல ஆயிரம் ஹெக்டேரில் சிதறி மேய்ந்த மீன்கள் பழைய காவிரித் தடத்திலும், அணையை ஒட்டிய ஆழத்திலும், சில மடுக்களிலும் வந்து கூடுகின்றன. கோடையில் மீன் ‘பெருகிவிட்டது’ போலத் தோன்றுவது இதனால்தான். பெருகவில்லை, நெருங்கியிருக்கிறது. இவ்வேற்றுமையை உணராமல் இருப்பதே பல தவறுகளுக்கு மூலம்.

வெப்பமும் பிராணவாயுவும்

மீன் நம்மைப்போல் தன் உடலில் வெப்பத்தை நிலையாக வைத்துக்கொள்ளும் உயிர் அன்று. நீரின் வெப்பமே அதன் உடல் வெப்பம். நீர் சூடேறினால் மீனின் உடல் வேகமாக இயங்கும். அதற்குப் பிராணவாயு அதிகம் வேண்டும். ஆனால் சூடேறிய நீரில் கரைந்து நிற்கும் பிராணவாயுவோ குறைவு. 20 டிகிரி வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. தேவை கூடும்போது இருப்பு குறைகிறது. கெண்டை இனங்கள் நன்றாக மேய்ந்து வளர 5 மில்லிகிராம் அளவாவது வேண்டும்.

நீருக்குள் பிராணவாயு வருவது இரண்டு வழிகளில்: ஒன்று காற்றும் அலையும், மற்றொன்று பகலில் வெயிலைக்கொண்டு பாசிகளும் நீர்ச்செடிகளும் வெளியிடுவது. இரவில் அச்செடிகளும் பிராணவாயுவை உட்கொள்வதால், விடியற்காலத்தில்தான் அதன் அளவு மிகக் குறைவாக இருக்கும். மேகமூட்டமான நாட்களும் காற்றில்லாத இரவுகளும் தொடர்ந்து வந்தால் விடியலில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். இதைக் கண்டு ‘மீன் தானாக வருகிறது’ என மகிழ்ந்து வலையெடுத்து ஓடுதல் கூடாது. அது மீன் மூச்சுத் திணறும் அடையாளம்; உடனே மீன்வளத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய செய்தி.

ஆழமான நீரில் மற்றொன்றும் நிகழ்கிறது. மேலடுக்கு வெயிலால் சூடேறி இலேசாகி மேலேயே நிற்கும். குளிர்ந்த கனமான நீர் அடியில் தங்கிவிடும். காற்று பலமாக வீசாத நாட்களில் இரண்டும் கலப்பதில்லை. அடியிலுள்ள மக்கும் பொருட்கள் அங்குள்ள பிராணவாயுவைத் தின்று தீர்த்துவிட்டால், அவ்வடுக்கில் மீன் தங்காது. திடீரெனக் கோடை மழையும் சூறைக்காற்றும் வந்து அடிநீரை மேலே புரட்டினால், மீன் சாவு நேர்வதும் உண்டு.

ஆகவே கோடை நண்பகலில் மீன் இருக்கும் இடம் நடுவடுக்கு ஆகும். மேலே வெப்பம், மிக அடியில் மூச்சுக்கு வழியில்லை. மாலை சாய்ந்தபின் மீன் மேலேறிக் கரையோரம் மேய வரும்; வெயில் ஏறியதும் மீண்டும் உள்வாங்கும். கோடை மீன்பிடிப்பின் முறைகள் யாவும் இந்த ஏற்ற இறக்கத்தை ஒட்டியவையே.

எந்த மீன் எங்கே?

நீர்த்தேக்கத்தில் அகப்படும் மீன்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, கட்லா, ரோகு, மிருகால் ஆகிய பெருங்கெண்டைகள். கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிருகால் அடிநீரிலும் மேய்வன. இவை தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. பருவமழையில் ஓடிவரும் வெள்ளத்தை எதிர்த்து மேலேறியே இனம் பெருக்குவன. ஆகையால் பண்ணைகளில் வளர்த்த குஞ்சுகளை மீன்வளத் துறையினர் நீர்த்தேக்கத்தில் இருப்புச் செய்கின்றனர்.

இரண்டாவது, சேல்கெண்டை முதலிய காவிரியின் சொந்தக் கெண்டைகள். இவை அணைக்கு முன்பே ஆற்றில் வாழ்ந்தவை. புது வெள்ளம் வரும்போது இவையும் மேலேறுவன.

மூன்றாவது, வாளை, கெளுத்தி, விரால் போன்ற ஊனுண்ணும் மீன்கள். வாளையும் கெளுத்தியும் இரவில் இரைதேடுவன; பகலில் மூழ்கிய மரவேர், பாறைப் பிளவு, பழைய சுவர் ஆகியவற்றின் நிழலில் ஒதுங்குவன. விரால் வெளிக்காற்றையும் மூச்செடுக்க வல்லதாதலால், மற்ற மீன் தங்காத ஆழமற்ற கலங்கல் நீரிலும் தங்கும்.

நான்காவது, ஜிலேபிக் கெண்டை எனப்படும் திலேப்பியா. ஆப்பிரிக்க இனமாகிய இது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இது ஆண்டில் பலமுறை இனம் பெருக்கும். கரையோர ஆழமற்ற நீரில் ஆண்மீன் கிண்ணம்போல் குழி பறிக்கும். பெண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காக்கும். வெப்பத்தையும் குறைந்த பிராணவாயுவையும் நன்கு தாங்கும். ஆதலால் கோடையில் தாராளமாகப் பிடிக்கத்தக்கது இம்மீனே. இதைக் குறைப்பது மற்ற கெண்டைகளின் இரைக்கும் இடத்துக்கும் நன்மை செய்யும்.

வலை இடும் முறை

மேட்டூரில் மிகுதியாக வழங்குவது ரங்கூன் வலை. இது நீரில் சுவர்போல் தொங்கி நிற்க, கடந்து செல்லும் மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும். பரிசலில் சென்று மாலையில் இட்டு, விடியலில் எடுப்பது வழக்கம். கோடைக்கு ஏற்ற சில குறிப்புகள் வருமாறு.

1. பழைய ஆற்றுத்தடத்துக்குக் குறுக்காகவும், மேடும் பள்ளமும் சந்திக்கும் சரிவிலும் வலையிடுக. மாலையில் மீன் கரைக்கு வருவதும் காலையில் திரும்புவதும் இவ்வழியே.

2. ஆழமான இடத்தில் வலையை அடிவரை இறக்குவது பயனற்றதாகலாம். எடுத்த வலையின் கீழ்ப்பகுதியில் மீனே இல்லாமல், ஒட்டிய சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் வீசினால், அங்கு அடிநீர் கெட்டுவிட்டது என்க. மிதவைக் கயிற்றைச் சுருக்கி வலையை மேலே தூக்கிக் கட்டுதல் வேண்டும்.

3. பலமான காற்று ஒரே திசையில் சில நாட்கள் வீசினால், காற்று சென்று மோதும் கரையில் வலையிடுக. மீனுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள் அங்கு ஒதுங்கும். அலையால் பிராணவாயுவும் அங்கு மிகுதி.

4. கோடையில் நீர் தெளிந்து ஆழம் குறைந்திருப்பதால், வலை மீனின் கண்ணுக்கு எளிதில் புலனாகும். நிலவில்லாத இரவும் நிறம் மங்கிய வலையும் நல்லவை.

5. வெந்நீர்போல் சூடேறிய நீரில், வலையில் மாட்டி இறந்த மீன் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். ஆகவே கோடையில் வலையை இருட்டிய பின்னர் இட்டு, விடியுமுன் எடுத்தல் வேண்டும். இயலுமாயின் நடுவில் ஒருமுறை பார்த்தல் நலம்.

6. மூழ்கிய சுவர்களிலும் வேர்களிலும் சிக்கிய நைலான் வலையை அறுத்து அங்கேயே விட்டுவிடுதல் கூடாது. நைலான் மக்காது. உரியவன் மறந்த பின்னும் அது மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். நீர் வற்றும் கோடையே இத்தகைய பழைய வலைகளை அகற்ற ஏற்ற காலம்.

கரையோர ஆழமற்ற நீரில் ஜிலேபி பிடிக்க வீச்சு வலை போதும். விடியற்காலத்திலும், பொழுது சாயும் வேளையிலும், குழிகள் தென்படும் மணற்கரையில் வீசினால் நல்ல பயன் கிடைக்கும்.

அலிவி எனப்படும் கரைவலை வேறு வகையானது. கரையோரத்தை அடியோடு வாரி இழுக்கும் அவ்வலையில், விரலளவு கட்லாவும் ரோகும் ஜிலேபியுடன் சேர்ந்து வந்துவிடும். நீர் சுருங்கிய கோடையில் சிறுகண் அலிவியை ஒருமுறை இழுத்தாலும், துறையினர் இருப்புச் செய்த குஞ்சுகளில் பெரும்பங்கு கரையேறிவிடக்கூடும்.

தூண்டில் முறை

வலை வாங்க இயலாத சிறு விவசாயிக்கும் தூண்டில் உதவும். ஜிலேபிக்கும் சிறு கெண்டைக்கும் மண்புழு, பெரிய கெண்டைக்குக் கேழ்வரகு மாவும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டை, விராலுக்கும் வாளைக்கும் சிறுமீன் அல்லது தவளை ஏற்ற இரையாகும். கோடையில் காலை வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரமும், மாலை நான்கு மணிக்குப் பின்னும் தூண்டிலிடுக. நண்பகலில் தூண்டிலிட வேண்டுமாயின் மிதவையை மேலே நகர்த்தி, முள்ளை ஆழத்தில் இறக்குதல் வேண்டும்.

நீண்ட கயிற்றில் இடைவெளிவிட்டுப் பல முட்களைக் கட்டி இரவில் இடும் தூண்டில், கெளுத்திக்கும் வாளைக்கும் சிறந்தது. பெருங்கெண்டையின் குஞ்சுகள் அதில் அகப்படா. அவற்றைத் தின்னும் வாளையே அகப்படும். எனவே கோடையில் இம்முறையை ஊக்குவித்தல் தகும்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு சுற்றிவரும் விராலை மட்டும் தூண்டிலிட்டுப் பிடித்தல் கூடாது. தாய் தந்தை இல்லாத குஞ்சுகள் சிலமணி நேரத்தில் மற்ற மீன்களுக்கு இரையாகும்.

வலைக்கண் கணக்கு

வலையின் கண் அளவை, கண்ணை நன்றாக இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளத்தல் வேண்டும். துறையினர் உரிமத்தில் எந்த அளவைக் குறித்துள்ளார்களோ அதற்குக் குறைந்த வலையைப் பயன்படுத்துதல் குற்றமாகும். ஆனால் குற்றம் என்பதைவிட நட்டம் என்பதே நம் மீனவர்கள் உணர வேண்டியது. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம்.

சிறுகண் வலையில் 200 கிராம் எடையுள்ள கட்லா ஐந்து கிடைத்தன என்று கொள்வோம். மொத்தம் ஒரு கிலோ. அவற்றைப் பிடிக்காமல் விட்டால், நல்ல நீரில் அடுத்த கோடைக்குள் ஒவ்வொன்றும் ஒரு கிலோவை எட்டக்கூடும். ஐந்தில் இரண்டை வாளையும் நாரையும் தின்றன என்று கழித்தாலும் மூன்று கிலோ மிச்சம். மேலும் சந்தையில் சிறு கட்லாவின் கிலோ விலைக்கும் பெரிய கட்லாவின் கிலோ விலைக்கும் உள்ள வேற்றுமையை மீனவர் நன்கறிவர். தீனி போடாமல், மருந்து அடிக்காமல், ஓராண்டில் ஒன்று மூன்றாகும் வேளாண்மை வேறு எங்கே உண்டு?

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு நீர்த்தேக்கத்தில், 1980-களில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரின் வழிகாட்டுதலில் சில எளிய விதிகள் கடைப்பிடிக்கப்பட்டன. 10 சென்டிமீட்டருக்குக் குறையாத குஞ்சுகளையே விடுதல், ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங்கெண்டைகளைப் பிடியாதிருத்தல், வலைக்கண்ணைக் கட்டுப்படுத்துதல் ஆகியவையே அவை. அதனால் ஹெக்டேருக்குக் கிடைத்த மீன் பன்மடங்கு உயர்ந்தது. ஆழியாறு சிறிய நீர்த்தேக்கம், மேட்டூர் மிகப் பெரியது, கண்காணிப்பது கடினம். எனினும் விதி ஒன்றே.

புது வெள்ளமும் சினை மீனும்

கோடையின் இறுதியில், ஆனி மாதத்தில் ஒகேனக்கல் வழியாகச் செந்நிறப் புதுநீர் வந்து சேரும். அதுவரை ஆழத்தில் ஒடுங்கிக் கிடந்த கெண்டைகள் அந்நீரின் குளிர்ச்சியையும் ஓட்டத்தையும் உணர்ந்து கூட்டமாக எதிரேறும். அவ்வேளையில் குறுகிய ஆற்றுமுகத்தில் வலையிட்டால் ஒரே இரவில் பரிசல் நிறையும். அந்த ஓர் இரவே பெருங்கேட்டுக்குக் காரணமாகும்.

முதிர்ந்த ரோகு மீன் ஒன்று, தன் உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு இலட்சம் அளவில் முட்டைகளைச் சுமக்க வல்லது. மூன்று கிலோ சினைமீன் ஒன்றை விற்றால் மீனவருக்குக் கிடைப்பது மூன்று கிலோவின் விலை. ஆற்றுக்கு நேரும் இழப்போ ஆறு இலட்சம் முட்டை. அவற்றுள் மிகச் சிலவே பிழைக்கும் என்பது உண்மைதான். ஆயினும் விதைநெல்லைக் குத்தி உண்ணும் உழவனை நாம் என்னவென்று சொல்வோம்? ஆகவே புது வெள்ளத்தின் முதல் சில வாரங்களில் ஆற்றுமுகத்தில் வலையிடுவதை ஊரே சேர்ந்து நிறுத்துதல் வேண்டும். வயிறு பருத்த மீன் தவறி அகப்பட்டால், உயிர் இருக்கும்போதே நீரில் விடுக.

வெடியும் நஞ்சும்

கோடையில் மடுக்களில் மீன் கூடியிருப்பதைக் கண்டு வெடி வைப்போரும், நஞ்சு கலப்போரும் இன்னும் சிலர் உளர். 1897-ஆம் ஆண்டிலேயே இந்திய மீன்வளச் சட்டம் இவ்விரண்டையும் குற்றமாக்கியது. வெடியால் இறக்கும் மீனில் மேலே மிதப்பது ஒரு பகுதிதான்; எஞ்சியது அடியில் மூழ்கி அழுகும். குஞ்சும் முட்டையும் இரையும் ஒருங்கே அழியும். கையையும் கண்ணையும் இழந்த மனிதரின் கதைகளும் பல ஊர்களில் உண்டு. நீர்த்தேக்கத்து நீரே பல ஊர்களுக்குக் குடிநீராகச் செல்கிறது. அதில் நஞ்சிடுவது அண்டை வீட்டுக் கிணற்றில் நஞ்சிடுவதற்கு ஒப்பாகும்.

பிடித்த மீனைக் கெடாமல் காத்தல்

கோடையில் மீனவரின் வருவாயை மிகுதியும் தின்பது வெயிலே. இரவெல்லாம் உழைத்துப் பிடித்த மீன், காலை எட்டு மணிக்குள் செவுள் வெளுத்துக் கண் குழிந்துவிட்டால், வணிகர் சொன்னதே விலையாகும். இதைத் தடுக்கச் சில எளிய வழிகள் உள்ளன.

பரிசலின் அடியில் மீனைக் குவித்து வெயிலில் வைத்தல் கூடாது. நனைத்த சாக்கால் மூடுக. கரை சேர்ந்தவுடன் நல்ல நீரில் கழுவி, பெரிய மீனின் செவுளையும் குடலையும் நீக்குக. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த பனிக்கட்டி என்ற கணக்கில், ஓரடுக்கு பனிக்கட்டி, ஓரடுக்கு மீன் என அடுக்குக. உருகும் நீர் வடிந்தோடப் பெட்டியின் அடியில் துளை வேண்டும். பனிக்கட்டிக்குச் செலவாகிறதே என்பர் சிலர். கெட்ட மீனின் விலையோடு ஒப்பிட்டால் அச்செலவு சிறிதே.

2020-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பனிப்பெட்டி பொருத்திய இருசக்கர வண்டிகள் போன்றவற்றுக்கு மானியம் இடம்பெற்றது. இவ்வாண்டு எந்த உதவி கிடைக்கும் என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து, கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக விண்ணப்பிக்கலாம். விற்காத சிறு ஜிலேபியைக் கீறிக் கழுவி, உப்பிட்டு, மணலில் போடாமல் கயிற்றிலோ மூங்கில் தட்டியிலோ உலர்த்தினால் நல்ல கருவாடாகும். மகளிர் குழுக்களுக்கு ஏற்ற தொழில் இது.

பரிசலில் எச்சரிக்கை

கோடைப் பிற்பகலில் இடிமழை திடீரென எழும். அகன்ற நீர்ப்பரப்பில் பரிசல் காற்றுக்கு எளிதில் அடிமையாகும். மேற்கே கருமேகம் திரண்டால் வலையை விட்டுவிட்டுக் கரை சேர்தல் வேண்டும். வலையை நாளை எடுக்கலாம். உயிர்காப்புச் சட்டை அணியாமல் பரிசல் ஏறுதல் கூடாது. நீர் குறைந்த காலத்தில் மூழ்கிய சுவர்களும் மரக்கட்டைகளும் நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே மறைந்திருக்கும். புதிதாக வெளிப்பட்ட வண்டல், மேலே காய்ந்தும் உள்ளே சேறாகவும் இருப்பதால், சிறுவர்களும் கால்நடைகளும் அதில் சிக்கிக்கொள்வது உண்டு. விடுமுறைக் காலத்தில் இவ்விடங்களில் எச்சரிக்கைப் பலகை நடுவது ஊராட்சியின் கடமை.

உழவரின் பங்கு

நீர் வற்றிய இடத்தில் கேழ்வரகு, சோளம், எள் முதலியன விதைத்து, நீர் ஏறுமுன் அறுவடை செய்யும் உழவர்கள் கரையோரக் கிராமங்களில் பலர். வண்டல் இயல்பாகவே வளமானது. உரம் மிகுதியாக வேண்டுவதில்லை. அங்கு இடும் இரசாயன உரமும் தெளிக்கும் பூச்சிக்கொல்லியும், நீர் ஏறியவுடன் நேரே ஏரியில் கலக்கும். பூச்சிக்கொல்லி மீன்குஞ்சைக் கொல்லும். உரமும் ஊர்க்கழிவும் பாசியைப் பெருக்கும். பச்சைச் சாயம் கரைத்தாற்போல் பாசி படர்ந்து, பின்னர் அழுகி நாற்றமெடுக்கும்போது, பிராணவாயு தீர்ந்து மீன் சாகும். அவ்வாறு செத்து ஒதுங்கிய மீனை உண்ணவோ விற்கவோ கூடாது. குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைத்தல் வேண்டும். தெளிப்பான்களையும் மருந்துக் கலங்களையும் ஏரிநீரில் கழுவாதிருத்தல் ஒவ்வோர் உழவரும் இன்றே தொடங்கக்கூடிய உதவி.

ஊராட்சி செய்ய வேண்டுவன

1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவையாக 29 பொருள்களைப் பதினோராம் அட்டவணையில் வகுத்தது. மீன்வளம் அவற்றுள் ஐந்தாவது. எனவே ‘மீன் என்பது துறைக்குரியது, நமக்கென்ன?’ என்று உறுப்பினர்கள் ஒதுங்குவது முறையன்று. உரிமம் தருவதும் குஞ்சு விடுவதும் துறையின் வேலை. ஊரை ஒருமனப்படுத்துவது ஊராட்சியால் மட்டுமே இயலும்.

மார்ச் 22-ஆம் நாளும் மே 1-ஆம் நாளும் நடைபெறும் கிராம சபைக் கூட்டங்கள் கோடைக்குப் பொருத்தமாக அமைகின்றன. அவற்றில் கரையோர ஊராட்சிகள் கீழ்க்கண்ட கேள்விகளை எடுத்துக்கொண்டு, மீனவர் சங்கத்தாரையும் மீன்வளத் துறை ஆய்வாளரையும் அழைத்துப் பேசுதல் நலம்:

1. இன்று நீர்மட்டம் எவ்வளவு? சென்ற ஆண்டு இதே நாளில் எவ்வளவு?

2. நம் எல்லையில் மீன் கூடும் மடுக்கள் எவை? அவற்றுள் ஒன்றையேனும் இக்கோடையில் வலையிடாமல் காக்க இயலுமா?

3. சிறுகண் வலை வைத்திருப்போர் பெருங்கண் வலைக்கு மாறச் சங்கம் எவ்வகையில் கடனுதவி செய்யும்?

4. புது வெள்ளம் வந்தபின் எத்தனை நாள் ஆற்றுமுகத்தில் வலையிடாதிருப்பது?

5. கரையில் நிழற்கொட்டகையும், மீன் கழுவ நல்ல நீரும், எடை போடும் மேடையும் உள்ளனவா?

6. வற்றிய நிலத்தில் பயிரிடுவோர் எவ்வளவு மருந்து தெளிக்கின்றனர்?

இரண்டாவது, நான்காவது கேள்விகள் கசப்பானவை என்பதை நாம் அறிவோம். ஒருநாள் வலை இடாவிட்டால் ஒருநாள் அடுப்பெரியாத குடும்பங்கள் கரையோரத்தில் உண்டு. ஆகவே ‘பிடிக்காதே’ என்று சொல்வதோடு நில்லாமல், ‘இதைப் பிடி, இங்கே பிடி’ என்று வழிகாட்டுதல் வேண்டும். பெருங்கெண்டைக் குஞ்சை விடச் சொல்லும்போது ஜிலேபியைப் பிடிக்க வீச்சு வலைக்கு வழி செய்வோம். ஆற்றுமுகத்தை மூடச் சொல்லும் நாட்களில் ஊராட்சி வேலைகளில் மீனவர் குடும்பங்களுக்கு முன்னுரிமை தருவோம். இவ்வாறு செய்தால் விதி தண்டனையாகத் தோன்றாது.

ஏரியில் மீனுக்கு வேலியில்லை. ஒரு ஊரார் விட்ட குஞ்சு அடுத்த ஊராரின் வலையில் பெரிதாக அகப்படும். ஆற்றுமுகத்தில் ஓர் ஊரார் காத்த சினைமீன், அணைக்கட்டுப் பக்கம் உள்ளோருக்கும் மீன் தரும். ஆதலால் ஒரே ஊராட்சி மட்டும் கட்டுப்பாடாக இருந்து பயனில்லை. கரையைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் யாவும் கோடைக்கு முன்பு ஒருமுறை கூடி ஒரே முடிவுக்கு வருதல் வேண்டும். அக்கூட்டத்தை இவ்வாண்டே கூட்ட முன்வரும் ஊராட்சிக்கு, வட்டார வளர்ச்சி அலுவலகங்களிலிருந்து வேண்டிய உதவிகளைச் செய்ய நாம் கடமைப்பட்டுள்ளோம்.